ஜெர்மன் குட்டி சமஸ்தானங்களோட பழைய செப்புக் காசு சேர்க்கறது எப்படி: ஆரம்பத்துலேர்ந்து ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மன் பழங்காசுன்னாலே எல்லாரும் வெள்ளித் தாலர் பின்னாடிதான் ஓடறாங்க. பெருசா இருக்கும், ராஜா தலை இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி இருக்கும். என்னைக் கேட்டா செம்புலதான் ஆரம்பிக்கணும், அதுவும் ப்ரஷ்யா, பவேரியா மாதிரி பெரிய ராஜ்ஜியம் இல்ல, நம்ம ஒரு தாலுகா அளவுக்கு இருந்த குட்டி சமஸ்தானங்களோட செம்பு. தாலர் ஊர் ஊரா போகும், வியாபாரி பெட்டில தூங்கும், கஜானால அடுக்கி வச்சிருப்பாங்க. ஒரு ஃபென்னிக் செப்புக் காசு அப்படி இல்ல, அது அந்த ஊருக்குள்ளயேதான் சுத்தும், எல்லை தாண்டினா பக்கத்து ஊர்க்காரன் வாங்க யோசிப்பான், அதனால ரொட்டி, பீர், உப்புன்னு சாதாரண ஜனங்க தினமும் கைல புழங்கின காசு அதுதான். விலையும் குறைவு, போலியும் குறைவு, ஆனா கத்துக்க விஷயம் தாலரை விட அதிகம்.

எந்தக் காலத்தை எடுக்கணும்

புதுசா வர்றவங்க முழி பிதுங்கறது இங்கதான். பழைய புனித ரோமானியப் பேரரசுக்குள்ள நூத்துக்கணக்குல குட்டி அரசு இருந்தது, பிரபு, பிஷப், மடம், சுதந்திர நகரம்னு ஆளாளுக்கு காசு அடிச்சாங்க. 1803-ல பிஷப்புகளோட நாடுகளையும் நிறைய நகரங்களையும் பெரிய அரசுகளோட சேர்த்தாங்க, 1806-ல பேரரசே முடிஞ்சுது, 1815-ல ஜெர்மன் கூட்டமைப்பு வந்தப்ப மிஞ்சினது சுமார் 39 அரசுதான். 1866 போருக்கப்புறம் ப்ரஷ்யா ஹானோவர், ஹெஸ்ஸன்-காஸல், நாஸாவ், ஃப்ராங்க்ஃபர்ட் நாலையும் விழுங்கிடுச்சு. 1871-ல ஒரே ஜெர்மனி, 1873 சட்டத்தோட எல்லாருக்கும் ஒரே மார்க், ஒரே ஃபென்னிக். அதுக்கப்புறம் குட்டி ராஜாக்களுக்கு வெள்ளி, தங்கத்துல 2 மார்க்லேர்ந்து மேல மட்டும்தான் சொந்த முகம் போட உரிமை, சில்லறையில உரிமை போச்சு.

அதனால என் யோசனை, 1838-லேர்ந்து 1873 வரைக்கும் உள்ள கடைசிக் காலத்தை முதல்ல எடுத்துக்கோங்க. ஏன் 1838? அந்த வருஷம் ட்ரெஸ்டன்ல போட்ட ஒப்பந்தத்துல வடக்கு அரசுகள் தாலர் கணக்கை ஏத்துக்கிட்டாங்க, அதுக்கு முந்தின வருஷம் ம்யூனிக்ல தெற்கு அரசுகள் குல்டன்ங்கிற இன்னொரு வெள்ளிக் காசுக் கணக்குக்கு ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கப்புறம் வந்த காசெல்லாம் நல்ல மெஷின்ல அடிச்சு, வட்டமா, வருஷம் தெளிவா, நாட்டுப் பேரோட இருக்கும். படிக்க ஈஸி. 18-ஆம் நூற்றாண்டுக் காசு அழகுதான், ஆனா கோணல் வட்டம், சுருக்கெழுத்துப் பேர், பாதி தேஞ்ச வருஷம்னு முதல் நாளே சோர்வாக்கிடும். அங்க அப்புறம் போகலாம்.

டார்கெட்டும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. ஒரு நாட்டுக்கு ஒரு காசு. வருஷம் வருஷமா சேர்க்கறது வேண்டாம், அதுல போனா ஒரே வால்டெக் ஃபென்னிக்கை அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு வாங்கிட்டு பக்கத்து நாட்டை மறந்துடுவோம். 1850 வாக்குல உள்ள ஜெர்மன் மேப் ஒண்ணு பிரிண்ட் போட்டு மேசைக்கு மேல ஒட்டுங்க, காசு வந்ததும் அந்த இடத்துல ஒரு புள்ளி வைங்க. மேப் இல்லாம இந்தக் கலெக்‌ஷன் பண்றதுல அர்த்தமே இல்லைன்னு நான் உறுதியா நம்பறேன், ஏன்னா துரிங்கியான்னு ஒரே பகுதியில எட்டு நாடு ஒண்ணுக்குள்ள ஒண்ணு துண்டு துண்டா கலந்து கிடக்கும், அதை கண்ணால பார்க்காம அந்தக் காசுகள் ஏன் அப்படி இருக்குன்னு புரியவே புரியாது.

கணக்கைப் புரிஞ்சுக்கணும்

இதை நிறைய பேர் ஸ்கிப் பண்ணிடறாங்க, ஆனா இந்தக் காசுகளோட உயிரே இதுலதான் இருக்கு.

வடக்குல தாலர். ப்ரஷ்யா 1821-ல ஒரு தாலருக்கு 30 சில்வர்க்ரோஷன், ஒவ்வொண்ணுக்கும் 12 ஃபென்னிக்னு வச்சுது, ஆக 360 ஃபென்னிக். ப்ரஷ்யாவோட 1 ஃபென்னிக் செப்புக் காசை எடுத்துப் பார்த்தா கேடயத்தைச் சுத்தி "360 ஐனன் தாலர்"னு எழுதியே இருக்கும், அதாவது இந்த மாதிரி 360 சேர்ந்தா ஒரு தாலர்னு காசே சொல்லுது. லிப்பே, வால்டெக், ரொய்ஸ், வைமார் எல்லாம் இந்தக் கணக்குதான். ஆனா ஸாக்ஸனி 1840 வாக்குல க்ரோஷனுக்கு 10 ஃபென்னிக்னு மாத்திடுச்சு, அதனால அங்க தாலருக்கு 300 ஃபென்னிக். ஆல்டன்பர்க்கும் கோத்தாவும் ஸாக்ஸனி பின்னாடி போச்சு. மெக்லன்பர்க்ல தாலருக்கு 48 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 ஃபென்னிக், பெருக்கிப் பார்த்தா 576.

தெற்குல குல்டன், ஒரு குல்டனுக்கு 60 க்ராய்ட்சர், ஒன்றே முக்கால் குல்டன் ஒரு தாலர், அதாவது 105 க்ராய்ட்சர். மைனிங்கன்ங்கிற டியூக் நாடு தெற்குக் கணக்கு, ஆனா 1860-கள்ல அடிச்ச காசுல "1 ஃபென்னிக்"னு போட்டிருக்கும், அது கால் க்ராய்ட்சர். அப்போ தாலருக்கு 420.

இப்ப யோசிச்சுப் பாருங்க, வைமார், கோத்தா, மைனிங்கன் மூணும் பக்கத்துப் பக்கத்து நாடு, மூணு காசுலயும் 1 ஃபென்னிக்னுதான் எழுதியிருக்கு, ஆனா ஒண்ணு 360-ல ஒரு பங்கு, ஒண்ணு 300-ல ஒரு பங்கு, ஒண்ணு 420-ல ஒரு பங்கு. ஒரு நாள் நடை தூரத்துக்குள்ள. இந்த மூணையும் ஒரே ட்ரேல வரிசையா வச்சா அதை விட நல்ல பாடம் வேற கிடையாது, முதல் மூணு காசா இதையே வாங்கச் சொல்லுவேன். 1873-ல ஒரு தாலர் 3 மார்க்னு முடிவானப்ப 300 ஃபென்னிக் கணக்கு அப்படியே புதுக் கணக்கோட பொருந்திடுச்சு, மத்தவங்கதான் கணக்கு மாத்த வேண்டியதாச்சு.

கோபர்க்-கோத்தா இன்னும் சுவாரஸ்யம். ஒரே டியூக், விக்டோரியா மகாராணியோட புருஷன் ஆல்பர்ட்டுக்கு அண்ணன் இரண்டாம் எர்ன்ஸ்ட், ஆனா துரிங்கியக் காட்டுக்கு வடக்குல இருக்கற கோத்தாவுக்கு தாலர் சில்லறை, தெற்குல இருக்கற கோபர்க்குக்கு க்ராய்ட்சர் கணக்கு. ஷ்வார்ட்ஸ்பர்க்-ரூடோல்ஷ்டாட்லயும் அதே கதை, அங்க கால் க்ராய்ட்சரும் கிடைக்கும், ஃபென்னிக்கும் கிடைக்கும். இந்த மாதிரி நாடுகளுக்கு மட்டும் "ஒரு நாட்டுக்கு ஒண்ணு" விதியைத் தளர்த்தி ரெண்டு வாங்குங்க.

காசை எப்படிப் படிக்கறது

மொழி தெரியாதேன்னு பயப்பட வேண்டாம். நாலு விஷயம்தான் பார்க்கணும்: சின்னம், நாட்டுப் பேர், மதிப்பு, மின்ட் (காசு அடிச்ச அச்சுக்கூடம்) எழுத்து.

சின்னத்துல நாட்டைக் கண்டுபிடிக்கறது சீக்கிரமே கைவந்துடும். அஞ்சு இதழ் ரோஜா இருந்தா லிப்பே. எட்டு முனை நட்சத்திரம் இருந்தா வால்டெக். மதில் மேல நடக்கற கரடின்னா அன்ஹால்ட்-பேர்ன்பர்க். மாட்டுத் தலை மெக்லன்பர்க், பாயற குதிரை ப்ரவுன்ஷ்வைக் அல்லது ஹானோவர், சாவி ப்ரேமன் நகரம், க்ரிஃபின் (கழுகுத் தலை, சிங்க உடம்பு) ரோஸ்டாக் நகரம். முள்ளு முள்ளா விளிம்பு இருக்கற இலை மாதிரி ஒண்ணு ஷௌம்பர்க்-லிப்பே, அது 1858-ல 1, 2, 3, 4 ஃபென்னிக் நாலும் செம்புல அடிச்சுது, நாலு சைஸையும் சேர்த்து வச்சா ரொம்ப அழகு. குறுக்குக் கோடு போட்ட கேடயத்து மேல சாய்வா ஒரு இலைக் கிரீடம் போனா அது ஸாக்ஸன் குடும்பம், அதுல எந்தக் கிளைன்னு எழுத்தைப் படிச்சாத்தான் தெரியும்.

நாட்டுப் பேர் வரியில முதல் வார்த்தையைப் பாருங்க. "ஃப்யூர்ஸ்டன்டூம்"னா பிரின்ஸ் ஆண்ட நாடு, "ஹெர்ட்சோக்டூம்"னா டியூக் ஆண்டது, "க்ரோஸ்" முன்னாடி ஒட்டியிருந்தா கிராண்ட் டியூக். "ஷைட மூன்ஸ"ன்னு இருந்தா சில்லறைக் காசுன்னு அர்த்தம், பல செப்புக் காசுல இருக்கும், அதை ஊர்ப் பேர்னு நினைச்சுத் தேட வேண்டாம்.

ரொய்ஸ் குடும்பத்துக்கு மட்டும் தனியா ஒரு எச்சரிக்கை. அந்தக் குடும்பத்துல பிறந்த ஆம்பளைப் பிள்ளை எல்லாருக்கும் பேர் ஹைன்ரிஹ்தான், நம்பர் மட்டும் மாறும். மூத்த கிளை நூறு வரைக்கும் எண்ணிட்டு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கும், இளைய கிளை நூற்றாண்டு மாறும்போது மறுபடி ஆரம்பிக்கும். அதனால இளைய கிளையோட லோபென்ஷ்டைன்-எபர்ஸ்டார்ஃப் நாட்டை 1848 வரைக்கும் ஆண்டவர் 72-ஆம் ஹைன்ரிஹ், மூத்த கிளையோட க்ரைட்ஸ்ல அதே காலத்துல ஆண்டவர் 20-ஆம் ஹைன்ரிஹ். டீலர் லேபிள்ல ரோமன் நம்பர் ஒரு எழுத்து தப்பினாலும் நாடே மாறிடும். நம்பரை நம்பாம காசுல "ஏல்ட்டரர் லீனிய"வா, "யூங்கரர் லீனிய"வா, அதாவது மூத்த கிளையா இளைய கிளையான்னு பாருங்க.

மின்ட் எழுத்துல ஒரு முக்கியமான விஷயம். இந்தக் குட்டி நாடுகள் பலதுக்கு 1840-களுக்கு அப்புறம் சொந்தமா அச்சுக்கூடமே கிடையாது. ரொய்ஸ், லிப்பே, வால்டெக் காசுல அடியில சின்னதா ஆங்கில "ஏ" எழுத்து இருந்தா அது பெர்லின்ல ப்ரஷ்யா மின்ட்ல கான்ட்ராக்ட்ல அடிச்சது. அதனாலதான் அந்தக் காசெல்லாம் பார்க்க ப்ரஷ்யாக் காசோட தம்பி மாதிரியே இருக்கும். தெற்குக் கணக்கு நாடுகள் சிலது ம்யூனிக்ல அடிச்சுக்கிட்டாங்க.

டூல்ஸ்

பத்து மடங்கு பெருசாக்கிக் காட்டற லூப் (கை லென்ஸ்) ஒண்ணு, 0.01 கிராம் வரைக்கும் காட்டற பாக்கெட் தராசு, ஒரு டிஜிட்டல் காலிப்பர். போதும். ப்ரஷ்யா கணக்குல 1 ஃபென்னிக் சுமார் ஒன்றரை கிராம், 3 ஃபென்னிக் சுமார் நாலரை கிராம், மதிப்பு ஏறற அளவுக்கே எடையும் ஏறும், அதனால எழுத்து அழிஞ்ச காசைக் கூட எடை போட்டு என்ன மதிப்புன்னு யூகிக்கலாம். மேசை விளக்கை நேரா மேலேர்ந்து அடிக்காம பக்கவாட்டுல தாழ்வா வச்சுப் பாருங்க, தேஞ்ச எழுத்து நிழல்ல எழும்பி வரும், யாராவது தேச்சு பாலிஷ் போட்டிருந்தா ஒரே பக்கமா ஓடற மெல்லிய கோடுகளும் அப்பத்தான் தெரியும்.

கேட்டலாக் விஷயத்துல டீலர்கள் "கே.எம்.", "ஏ.கே.எஸ்.", "யேகர்"னு நம்பர் போடுவாங்க. 1800-க்கு அப்புறம் உள்ளதுக்கு ஏ.கே.எஸ். நம்பர் நல்லா உதவும், 18-ஆம் நூற்றாண்டுக்கு "ஷோன்" நம்பர். ஆரம்பத்துல புத்தகம் வாங்க வேண்டாம், நுமிஸ்டா சைட்ல நாடு பேரைப் போட்டு படம் பார்த்தாலே பெரும்பாலானது சிக்கிடும்.

எங்க வாங்கறது, எவ்ளோ கொடுக்கலாம்

ஜெர்மனில இருக்கறவங்களுக்கு சுலபம், ஊருக்கு ஊர் காசு சந்தை நடக்கும், பெரிசுன்னா வருஷா வருஷம் பெர்லின்ல நடக்கற வேர்ல்ட் மனி ஃபேர். அங்க பெரிய ஸ்டால் பக்கம் போகாதீங்க, ஓரத்துல அட்டைப் பெட்டி நிறைய சின்னக் காசு கொட்டி வச்சிருக்கற டேபிளைத் தேடுங்க, அந்தப் பெட்டிக்குள்ளதான் நம்ம காசு இருக்கும். மத்த ஊர்ல இருக்கறவங்களுக்கு ஈபே ஜெர்மனி, எம்.ஏ. ஷாப்ஸ், அப்புறம் ஏல நிறுவனங்கள். தேடும்போது "ஆல்ட்டோய்ச்லாண்ட்"னு ஜெர்மன்ல போட்டுத் தேடினா 1871-க்கு முந்தின நாடுகள் மொத்தமா வந்து நிக்கும்.

சாதாரணமா கிடைக்கற காசு, ஓரளவு தெளிவா இருந்தா, 3 யூரோலேர்ந்து 15 யூரோக்குள்ள முடியும். நல்ல தெளிவு, ஒரிஜினல் பழுப்பு நிறம் இருந்தா அதை விட ரெண்டு மூணு மடங்கு கொடுக்கறது நியாயம்தான். ஆனா ஒரு காசுக்கு அஞ்சு யூரோ கொடுத்துட்டு தபாலுக்கு அதை விட அதிகம் கொடுக்கறதுல என்ன இருக்கு, ஒரே டீலர்கிட்ட எட்டு பத்து காசா சேர்த்து எடுங்க, முதல்லயே மெசேஜ் போட்டு கம்பைன் பண்ணி அனுப்புவீங்களான்னு கேட்டுடுங்க. வெளிநாட்டுலேர்ந்து வந்தா கஸ்டம்ஸ் செலவையும், ஏலத்துல எடுத்தா ஏல விலைக்கு மேல அவங்க போடற கமிஷனையும் கணக்குல வைங்க.

தரத்தை அவங்க சுருக்கி எழுதுவாங்க. "எஸ்" மட்டும்னா நல்லா தேஞ்சது, "எஸ்எஸ்" நமக்குப் போதுமானது, "வி.இசட்" ரொம்ப நல்லது, "எஸ்டி" புழங்காதது. கூடவே "கெரைனிக்ட்"னு இருந்தா சுத்தம் பண்ணிட்டாங்கன்னு அர்த்தம், விட்டுடுங்க. "ரான்ட்ஃபேலர்" விளிம்புல அடி, செப்புக் காசுல இது சகஜம், விலை குறைஞ்சா எடுக்கலாம். "ஷ்ரோட்லிங்ஸ்ஃபேலர்"னா அடிக்கறதுக்கு முன்னாடியே செப்புத் துண்டுலயே குறை, அது காசோட பிறவிக் குறை, அதுக்காக தள்ள வேண்டாம்.

மொத்த லாட் பத்தி ஒரு வார்த்தை. கிலோ கணக்குல "பழைய ஜெர்மன் செம்பு"ன்னு வர்ற லாட்ல பெரும்பாலும் ப்ரஷ்யாவும் ஸாக்ஸனியும்தான் இருக்கும், குட்டி நாடுகளை ஏற்கனவே பொறுக்கி எடுத்திருப்பாங்க. போட்டோல ஒவ்வொரு காசும் தெரியற சின்ன லாட்டா இருந்தா மட்டும் யோசிங்க, போட்டோவை ஜூம் பண்ணி ரோஜா, நட்சத்திரம், மாட்டுத்தலை இருக்கான்னு பாருங்க, ரெண்டு தெரிஞ்சாலே லாட் விலை தேறிடும்.

சுத்தம் பண்றது: தயவு செஞ்சு புளி வேண்டாம்

செம்புன்னா நம்ம கை தானா புளிக்கும் எலுமிச்சைக்கும் பீதாம்பரிக்கும் போகும், குத்துவிளக்கு தேச்ச பழக்கம். காசுக்கு அது சாவுமணி. நூத்தம்பது வருஷமா அந்தச் செம்பு மேல படிஞ்ச பழுப்புப் படலம் அழுக்கு இல்ல, அதுதான் பாதுகாப்பு, அதுதான் மதிப்பு. புளியில போட்டா படலம் கரைஞ்சு கீழ இருக்கற வெறும் செம்பு ரோஸ் நிறத்துல வெளிய வரும், பளபளன்னு இருக்கும், பார்க்கற ஒவ்வொரு கலெக்டரும் கீழ வச்சுட்டுப் போயிடுவான், அந்த நிறம் திரும்ப இயற்கையா வர்றதுக்கு இன்னொரு தலைமுறை ஆகும்.

செய்யக்கூடியது இவ்ளோதான். டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வைங்க, ராத்திரி முழுக்க, தண்ணியை மாத்தி மாத்தி, மண்ணு தானா இளகும். பிசுபிசுப்பு, டேப் பசை, பழைய ப்ளாஸ்டிக் கவர்லேர்ந்து ஒட்டின பச்சைப் பிசின் இதுக்கெல்லாம் சுத்தமான அசிட்டோன், கண்ணாடிக் கிண்ணத்துல, ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, அடுப்புக்கு எட்டவே. நெயில் பாலிஷ் ரிமூவர் அதுக்குப் பதில் ஆகாது, அதுல வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். அசிட்டோன் செம்பை ஒண்ணும் செய்யாது, எண்ணெய்ப் பசையை மட்டும் தூக்கிடும். அப்புறம் மெத்துன்னு இருக்கற பருத்தித் துணில ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கெட்டியா மண்ணு ஒட்டியிருந்தா மரப் பல்குச்சி நுனியை ஈரப்படுத்தி லூப் வச்சுப் பார்த்துக்கிட்டே மெதுவா தள்ளலாம், உலோக ஊசி எடுக்கவே கூடாது.

பச்சை எல்லாம் ஒண்ணு இல்ல. கெட்டியா, வழவழன்னு, காசோட ஒட்டின கரும்பச்சை, அதை அப்படியே விடுங்க, ஆபத்தில்ல. வெளிர் பச்சையா, மாவு மாதிரி, தொட்டா உதிருது, துடைச்சாலும் சில நாள்ல அதே இடத்துல திரும்ப வருதுன்னா அது க்ளோரைடு நோய், ஈரக் காத்துல செம்பை உள்ளுக்குள்ளயே தின்னும். மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்த காசுல இது அதிகம். உடனே மத்த காசுலேர்ந்து தனியா பிரிச்சு வைங்க, காய வச்சு சிலிக்கா ஜெல்லோட டப்பால அடைங்க. சோடியம் செஸ்க்விகார்பனேட் கரைசல்ல வாரக்கணக்குல ஊற வச்சு சரி பண்றவங்க இருக்காங்க, நிறம் மாற வாய்ப்பு உண்டு, அஞ்சு யூரோ காசுக்கு அந்தப் பாடு தேவையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

வச்சுக்கறது

ஸ்டேஷனரி கடையில கிடைக்கற மெத்து மெத்துன்னு வளையற, ப்ளாஸ்டிக் வாசனை அடிக்கற ஆல்பம் பக்கமெல்லாம் பிவிசி, அது நாள்பட அமிலம் விட்டு காசு மேல பச்சைப் பிசினாப் படியும். மைலார் (பிவிசி இல்லாத ப்ளாஸ்டிக்) கவர், இல்லேன்னா அமிலம் இல்லாத பேப்பர் கவர் வாங்குங்க. ரெண்டுக்கு ரெண்டு இன்ச் அட்டை ஹோல்டர் போட்டா ஸ்டேப்ளர் பின்னை கட்டிங் ப்ளேயரால அமுக்கித் தட்டையாக்கிடுங்க, இல்லேன்னா பக்கத்துக் காசைக் கீறும். கடலோர ஊர்ல இருக்கறவங்க பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போடறதைக் கட்டாயமா வச்சுக்கோங்க, நிறம் மாறின ஜெல்லைக் காய வச்சுத் திரும்பப் போடுங்க. காசை எப்பவும் ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க, விரல் ரேகை செம்புல பதிஞ்சா அமிலம் தின்னு நிரந்தரமா நிக்கும்.

ஒவ்வொரு கவர் மேலயும் நாடு, ஆண்டவர் பேர், மதிப்பு, வருஷம், மின்ட், எடை, வாங்கின இடம், விலை எழுதுங்க. பில்லைத் தூக்கிப் போடாதீங்க. இந்தியால நூறு வருஷம் தாண்டின காசு தொல்பொருள் கணக்குல வரும், 1972 சட்டப்படி அனுமதி இல்லாம வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, காசு வெளியிலேர்ந்து வாங்கினதுன்னு காட்ட அந்தப் பில் ஒண்ணுதான் கைல இருக்கும்.

அடுத்த கட்டம்: 1800-க்கு முன்னாடி

முப்பது நாப்பது புள்ளி மேப்ல விழுந்ததும் பின்னாடி போங்க. முதல் படி ஆஹன் நகரத்தோட 12 ஹெல்லர் (ஹெல்லர்ங்கிறது ஃபென்னிக் மாதிரி ஒரு சின்னச் சில்லறை). 1750-கள்லேர்ந்து 1790-கள் வரைக்கும் ஏராளமா அடிச்சிருக்காங்க, மலிவா கிடைக்கும். ஒரு பக்கம் கழுகு, மறுபக்கம் வரி வரியா எழுத்து, ரோமன்ல 12, ஹெல்லர், வருஷம், பேரரசின் நகரம் ஆஹன். கைல எடுத்ததும் வித்தியாசம் தெரியும்: வட்டம் சரியா இருக்காது, ஒரு ஓரத்துல எழுத்து வெளிய ஓடியிருக்கும், இன்னொரு ஓரத்துல வெத்துச் செம்பு நிக்கும், கழுகோட ஒரு இறக்கை தெளிவாவும் இன்னொண்ணு மழுங்கியும் இருக்கும். அது தேய்மானம் இல்ல, அடிச்சப்பவே அப்படித்தான். தேய்மானம்னா மேடான இடமெல்லாம் சமமா வழுவழுப்பா போயிருக்கும், அடி சரியா விழலைன்னா அந்த மழுங்கின இடத்துலயே செம்புத் துண்டோட பழைய சொரசொரப்பு லூப்ல தெரியும். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சுட்டா 18-ஆம் நூற்றாண்டுக் காசுல யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

அடுத்து யூலிஷ்-பேர்க் நாட்டோட கால் ஸ்ட்யூபர் (அந்த ஊர்ச் சில்லறை), அங்க ஆண்ட கார்ல் தியோடோர் பேரோட முதலெழுத்துப் பின்னல் இருக்கும். அப்புறம் ம்யூன்ஸ்டர் கதீட்ரல் சபை அடிச்ச செம்பு, வாளோட நிக்கற புனித பால். வெஸ்ட்ஃபாலியா பகுதிதான் ஜெர்மனில செம்பு சீக்கிரமே புழங்கின இடம், சோஸ்ட், ஹாம், கோஸ்ஃபெல்ட் மாதிரி ஊர்களே சொந்தமா செப்புச் சில்லறை அடிச்சிருக்காங்க.

தேடும்போது ஃப்ராங்க்ஃபர்ட் லிஸ்ட்ல "1 தேலர்", "1 ஹால்பாக்", "1 அட்ரிபுவோ"ன்னு எந்த நாட்டுலயும் இல்லாத மதிப்புப் பேரோட செப்புக் காசு வரும். 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஃப்ராங்க்ஃபர்ட்ல சில்லறை மாதிரியே புழங்க விட்ட தனியார் அச்சு அது, ஹெல்லர்னு நினைச்சு ஜனங்க வாங்கிக்கற மாதிரி அரைகுறையாப் பேர் போட்டிருப்பாங்க. டீலர்கள் அதை "யூடன்ஃபென்னிக்"னு போடுவாங்க, அந்தக் காலத்து யூத வெறுப்புல ஒட்டின பேர், தேடறதுக்கு மட்டும் அதைப் பயன்படுத்திட்டு உங்க கவர்ல "ஃப்ராங்க்ஃபர்ட் தனியார் டோக்கன்"னு எழுதுங்க. ஃப்ராங்க்ஃபர்ட்டோட அசல் ஹெல்லர் பக்கத்துல அதை வச்சா, எல்லை எல்லையா காசு பிரிஞ்சு கிடந்த ஊர்ல போலி நுழையறது எவ்ளோ சுலபம்னு ஒரே பார்வையில தெரியும்.